முட்டு தரையில் இருக்கும்வரை பாரம் இறங்காது

கேள்வி: மார்த்தாண்டத்தில் இருந்து வாரம் 2 நாள் நாகர்கோவில் போய் பிரேசிலியன் ஜியு-ஜிட்சு (தரையில் பிடித்து அடக்கும் மல்யுத்தக் கலை) பழகுகிறேன். ஒயிட் பெல்ட் (ஆரம்பநிலை), 62 கிலோ. ஹாஃப் கார்டில், அதாவது கீழே இருப்பவர் என் ஒரு காலைத் தன் இரு கால்களுக்கு இடையில் பிடித்திருக்கும் நிலையில், மேலே இருந்து அழுத்திப் பாஸ் பண்ண (அவர் கால்களைத் தாண்டிப் போக) பார்த்தால், 80 கிலோ பார்ட்னர் அண்டர்ஹூக் போட்டு (என் அக்குளுக்கு அடியில் கையை நுழைத்து) என்னைப் புரட்டிவிடுகிறார். இது எடை உள்ளவர்களுக்கு மட்டும்தானா?

பதில்: இல்லை தம்பி. உங்கள் 62 கிலோவில் பெரும்பகுதி முட்டு (முழங்கால்) வழியாகத் தரைக்குப் போய்விடுகிறது, அதுதான் சிக்கல். ஊரில் ரப்பர் ஷீட் அடிக்கும் மெஷின் பார்த்திருப்பீர்கள். இரண்டு ரோலரும் உறைந்த பாலை நெரிப்பது ஒரு மெல்லிய கோட்டில்தான். அதனால்தான் கையால் சுற்றினாலே தண்ணீர் வடிந்து ஷீட்டாகிறது. உங்கள் பாரமும் அப்படி ஒரே இடத்தில் இறங்க வேண்டும்.

அந்த இடம் அவருடைய தாடை. ஒரு கையை அவர் தலைக்கு அடியில் கொடுத்து, உங்கள் தோளால் தாடையை அந்தப் பக்கம் திருப்புங்கள். இதுதான் கிராஸ்ஃபேஸ். முகம் உங்களை விட்டுத் திரும்பிவிட்டால் அவரால் உங்கள் பக்கம் சரிந்து எழ முடியாது. சரிந்து எழ முடியாதவருக்கு அண்டர்ஹூக்கால் பெரிய பலன் இல்லை. தோள் தாடையில்தான் இருக்க வேண்டும், தொண்டையில் வேண்டாம். பழகும் இடத்தில் பார்ட்னரின் கழுத்து நமக்கு முக்கியம்.

அப்புறம் கால்விரல்களை ஊன்றி, முட்டுகளைத் தரையிலிருந்து ஒரு விரற்கடை தூக்குங்கள், இடுப்பு தாழ்ந்தே இருக்கட்டும். முட்டுக்கு அடியில் ஒரு துவர்த்தை (துண்டை) போட்டு இன்னொருவரை இழுக்கச் சொல்லுங்கள். தடையில்லாமல் உருவிக்கொண்டு வந்தால் பாரம் அவர் மேல் இருக்கிறது. சிக்கினால் இன்னும் தரையில்தான். நான் சொல்லிக்கொடுக்கும் எல்லோருக்கும் முதலில் இதைத்தான் செய்யச் சொல்வேன்.

அவர் கை ஏற்கெனவே உங்கள் அக்குளுக்குள் வந்துவிட்டதா? மேலிருந்து அதைச் சுற்றி இறுக்கிக்கொண்டு, இடுப்பை அவர் மேல் இறக்கி, மல்லாக்கப் படுக்க வையுங்கள். அதுவரை காலை உருவப் பார்க்காதீர்கள். நீங்கள் புரள்வது பெரும்பாலும் அந்த அவசரத்தில்தான். அவர் தள்ளும்போது அசையாமல் இருங்கள், மூச்சு விட்டுத் தளரும்போது நகருங்கள். நம்ம ஊர்ப் புழுக்கத்தில் கீழே இருப்பவர் சீக்கிரம் தளர்ந்துவிடுவார், நீங்கள் மூச்சை அடக்காமல் இருந்தால்.

கால் விடுபடுவதற்கும் வரிசை உண்டு. முதலில் முட்டு அவர் தொடைகளைத் தாண்டி வெளியே வரட்டும், கணுக்கால் பிறகு. கணுக்கால் வெளியே வந்தவுடன் பாஸ் முடிந்தது என்று நினைத்துப் பலர் தோளை எடுத்துவிடுகிறார்கள். அவர் உடனே முழங்காலை இடையில் நுழைத்து மறுபடி கார்டு போட்டுவிடுவார் (கால்களால் மறித்துவிடுவார்). போட்டியிலும் பாஸுக்கான 3 புள்ளி கிடைக்க, அந்த நிலையில் 3 நொடி பிடித்து வைத்திருக்க வேண்டும். ஆகவே சைடு கண்ட்ரோலில் (பக்கவாட்டில் இருந்து அவர் மார்பை அழுத்திப் பிடிக்கும் நிலையில்) நன்றாக உட்காரும்வரை தோள் தாடையிலேயே இருக்கட்டும்.