22-ஆ, 24-ஆ?

கேள்வி: நான் உடற்கல்வி ஆசிரியை, வயது 29. இரண்டு வருடமாக வலது தொடை இடுக்கில் வலி. பஸ்ஸிலிருந்து இறங்கும்போது ஒரு நொடி இடுப்பு மூட்டு நழுவுகிற மாதிரி இருக்கும். எக்ஸ்ரே பார்த்த ஒரு டாக்டர், “22 டிகிரி, லேசான டிஸ்ப்ளேசியா, ஆபரேஷன் தேவைப்படலாம்” என்றார். அதே படத்தை இன்னொருவர், “24, கிட்டத்தட்ட நார்மல்” என்கிறார். யாரை நம்ப?
– வாசகி, திருச்செங்கோடு

பதில்: இரண்டு பேர் சொன்னதும் ஒரே கணக்குதான் அம்மா. நான் முதுகலை படித்தபோது எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் ஒட்டி, பென்சிலும் பாகைமானியும் வைத்து அளப்போம். காலையில் 21 என்று எழுதிய படத்தையே சாயங்காலம் மறந்துபோய் மறுபடி அளந்து 25 போட்டேன். பேராசிரியர் இரண்டு தாளையும் பார்த்துவிட்டு, “மத்தியானத்துல எலும்பு வளந்துடுச்சாய்யா?” என்றார். இப்போது கம்ப்யூட்டரில் அளந்தாலும் இரண்டு மூன்று டிகிரி இப்படி அப்படிப் போகும். படம் எடுக்கும்போது இடுப்பெலும்பு கொஞ்சம் சாய்ந்திருந்தால்கூட எண் மாறும்.

அவர்கள் அளந்தது வைபர்க் கோணம். 1939-இல் ஸ்வீடன் நாட்டு டாக்டர் வைபர்க் சொன்னது. தொடை எலும்பின் பந்தை, மேலே உள்ள கிண்ணத்தின் கூரை எவ்வளவு தூரம் மூடுகிறது என்று அது காட்டும். 25-க்கு மேல் சரி, 20-க்குக் கீழே குறை; அந்தக் குறையைத்தான் டிஸ்ப்ளேசியா என்கிறோம். நடுவில் இருப்பவர்கள்பாடுதான் திண்டாட்டம். அதே 22 டிகிரியோடு வலியே இல்லாமல் பேரன் பேத்தி எடுத்தவர்களும் உண்டு. கூரையின் நீளத்தைச் சொல்லும் எண், பந்து நழுவுகிறதா என்று சொல்லாது. உங்கள் கேள்வியோ நழுவலைப் பற்றியது.

அதற்கு வேறு இடங்களில் பார்க்க வேண்டும். கூரையின் சரிவு 10 டிகிரிக்கு மேல் போனால் பந்து வெளிப்பக்கம் சறுக்கப் பார்க்கும். எனக்குப் பிடித்த அளவு 2017-இல் வந்த ‘ஃபியர்’ குறியீடு. சிறு வயதில் எலும்பு வளர்ந்த தட்டின் தழும்பு பந்துக்குள் ஒரு கோடாகத் தெரியும். எடை எந்தத் திசையில் அழுத்தியதோ, அதற்குக் குறுக்காகத்தான் அந்தத் தட்டு படியும். ஆக, பல வருடத்து அழுத்தம் அந்தக் கோட்டில் பதிவாகியிருக்கிறது. அதற்கும் கூரைக்கும் இடையிலுள்ள கோணம் வெளிப்பக்கமாக விரிந்தால் சந்தேகப்படுவோம். முதலில் 5 டிகிரியை எல்லையாக வைத்தார்கள், அப்புறம் 2 போதும் என்றார்கள். எல்லைக்கோடே இப்படி நகர்கிறது, பாருங்கள்.

முன்பக்கம் கூரை குறைவாக இருந்தால் நேர்ப்படத்தில் சரியாகத் தெரியாது. சாய்வாக நிறுத்தி எடுக்கும் இன்னொரு எக்ஸ்ரே வேண்டும். எம்.ஆர்.ஐ.யில், கிண்ணத்தின் விளிம்பைச் சுற்றியுள்ள லேப்ரம் என்ற மெத்தென்ற வளையம் தடித்திருக்கிறதா என்று பார்ப்போம். எலும்பு தாங்காத பாரத்தை அது சுமந்தால் தடித்துப்போகும். தொடை எலும்பின் முறுக்கையும் ஸ்கேனில் அளக்கச் சொல்லுங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

படம் இல்லாமலே ஒரு சோதனை: கட்டைவிரல் மடங்கி முன்கையைத் தொடுகிறதா? முழங்காலை மடக்காமல் உள்ளங்கை தரையில் படுகிறதா? இவையெல்லாம் பெய்ட்டன் என்ற 9 மதிப்பெண் கணக்கில் வருபவை. உடம்பே தளர்வு என்றால் அதே 22 டிகிரிக்கு அர்த்தம் வேறு.

ஆபரேஷனுக்கு அவசரம் வேண்டாம். பிட்டத் தசைகளுக்கு மூன்று மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்யுங்கள். மாணவிகளுக்குக் காட்டுகிறேன் என்று காலை அகட்டி ஸ்ட்ரெட்ச் செய்வதை நிறுத்துங்கள். நழுவுகிற மூட்டில் துளை போட்டு லேப்ரத்தை மட்டும் தைத்துவிட்டு, கிண்ணத்தைக் கவனிக்காமல் விட்டதால் வலி கூடி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கிண்ணத்தையே வெட்டித் திருப்பி வைக்கும் பெரிய ஆபரேஷனும் உண்டு. ஆனால் நழுவல் உறுதியான பிறகுதான் அந்தப் பேச்சு.

அடுத்த டாக்டரிடம் போகும்போது எக்ஸ்ரே பதிந்த சி.டி. தட்டை எடுத்துப் போங்கள். வாட்ஸ்அப்பில் கோணலாக எடுத்த போட்டோவை அனுப்பி “எத்தனை டிகிரி டாக்டர்?” என்று வாரம் ஒருவராவது என்னைக் கேட்கிறார்கள்.