ஆயிரம் என்று போட்டிருந்தால் எல்லாம் ஒரே கல்லா?

வாசகர் கேள்வி – பதில்: சமையலறைக் கத்தியும் ஜப்பானியச் சாணைக்கல்லும்

கேள்வி (ரோஸ் ஹில், மொரீஷியஸ்): வீட்டில் 20 செ.மீ. பிரெஞ்சு வகைத் துருப்பிடிக்காத கத்தி ஒன்று, காய் சீவும் சின்னக் கத்தி ஒன்று, மகன் அனுப்பிய ஜப்பானியக் கத்தி ஒன்று இருக்கின்றன. கல் ஒன்றே ஒன்று வாங்கலாம் என்று பார்த்தால் கிங், ஷாப்டன், நானிவா, சூயெஹிரோ என்று எந்தக் கம்பெனிக் கல்லிலும் 1000 என்றே போட்டிருக்கிறது. விலை மட்டும் ஏணி வைத்தாலும் எட்டாத வித்தியாசம். எதை எடுப்பது?

பதில்: 1000 என்ற எண் கல்லில் இருக்கும் அறுக்கும் துகளின் பருமனை மட்டும்தான் சொல்கிறது. அந்தத் துகளை எது பிடித்துக்கொண்டிருக்கிறது, எவ்வளவு இறுக்கமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பது அட்டையில் வராது. கையில் தெரிகிற வித்தியாசம் முக்கால்வாசி அங்கேதான் இருக்கிறது. பிடிப்பு இளக்கமாக இருந்தால் தேய்ந்த துகள் உதிர்ந்துபோய் அடியிலிருந்து புதுத் துகள் மேலே வரும். கல் சேறு விடும், கத்தியை நன்றாகப் பிடிக்கும், ஆனால் நடுவில் சீக்கிரம் குழியும். பிடிப்பு இறுக்கமாக இருந்தால் கல் நாள்பட உழைக்கும், மட்டம் கெடாது. ஆனால் தேய்ந்த துகள் போக மாட்டேன் என்று உட்கார்ந்துகொள்ளும்.

கிங் 1000 இளக்கமான கல். 5 முதல் 10 நிமிடம், குமிழி வருவது நிற்கும்வரை, தண்ணீரில் ஊறப்போட வேண்டும். சேறு தாராளமாக வரும். அந்தச் சேறு அரைபட அரைபட நுண்ணியதாகிக்கொண்டே போவதால், கிங் விட்டுப்போகும் கீறல் எண்ணைப் பார்த்து எதிர்பார்ப்பதைவிட மெல்லியதாகவே இருக்கும். தனிக் கல்லாக வாங்கினால் 34 மி.மீ. தடிமன், குழிந்தாலும் தேய்த்து மட்டமாக்க நிறைய இருக்கிறது. 1000/6000 இரட்டைக் கல்லில் ஒவ்வொரு பக்கமும் மெலிது. அதோடு புதிதாகப் பழகுகிறவர்கள் 1000 பக்கத்தில் வேலை முடியும் முன்னே 6000 பக்கம் புரட்டிவிடுவார்கள். பளபளப்பு வரும், கூர் வராது.

ஷாப்டன் குரோமாகு ஆரஞ்சு நிறக் கல்தான் அவர்களுடைய 1000. 210 × 70 × 15 மி.மீ. ஊறவைக்கக் கூடாது. மேலே தண்ணீர் தெளித்த உடனே வேலையைத் தொடங்கலாம். கெட்டி எஃகிலும் தயங்காமல் அறுக்கும். குறை என்றால், கை கண்ணாடியில் தேய்ப்பதுபோல உணரும், கத்தி எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று கல் பேசிக் காட்டாது. மென்மையான துருப்பிடிக்காத எஃகைத் தேய்த்தால் கருந்தூள் கல்லின் முகத்தில் அப்பி வழுக்க ஆரம்பிக்கும். அப்போது சின்ன நகுரா கல்லாலோ (சாணைக்கல்லின் முகத்தைத் தேய்த்துச் சுத்தமாக்கும் துணைக் கல்), உடைந்த சாணைக்கல் துண்டாலோ தண்ணீர் விட்டு அரை நிமிடம் தேய்த்தால் மறுபடி பிடிக்கும்.

நானிவா சோசெரா (இப்போது புரொஃபெஷனல் என்ற பெயரில் வருகிறது) இரண்டுக்கும் நடுவில் நிற்கும். கெட்டியாக இருந்தும் வெண்ணெய்போல இழைகிற சுகம் இதில் உண்டு. துகளைப் பிடித்திருப்பது மக்னீசியாப் பிணைப்பு ஆகையால் வாளியில் போட்டு மறந்துவிட்டால் கல் பலவீனப்பட்டு விரிசல் விடும். சூயெஹிரோ செராக்ஸ் 1000 ஊறவைக்கிற ஜாதி, கிங்குக்கு உறவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மூன்று கத்திக்கு ஒரே கல் என்றால் ஷாப்டன் ஆரஞ்சையே சொல்வோம். ஊறப்போடும் வேலை இல்லாததால், சோறு வடியும் நேரத்தில்கூட ஒரு கத்தியைத் தீட்டி எடுக்கலாம். அந்த வசதி இருந்தால்தான் கல் அலமாரியை விட்டு வெளியே வரும். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து நிதானமாகச் செய்கிறவர் என்றால் கிங்கே போதும், காசும் மிச்சம். சோசெரா வாங்க மனம் இருந்தால் தடுக்க மாட்டோம், ஆனால் கூடுதல் பணம் கூருக்கு அல்ல, கைச்சுகத்துக்கு.

கேள்வி (மாயேபூர்): 1000 கல்லில் ஒரு மணி நேரம் தேய்த்தேன். கத்தி மின்னுகிறது. பொம்தாமூர் தக்காளியின் தோல் மட்டும் அறுபட மாட்டேன் என்கிறது. கல் மோசமா?

பதில்: கல்லைக் குறை சொல்லாதீர்கள். கத்தி வாய்க்குச் சற்று மேலே தேய்த்திருக்கிறீர்கள். வாய்வரை கல் எட்டவே இல்லை. சந்தேகம் இருந்தால் மார்க்கர் பேனாவால் வாயோரத்தைக் கறுப்பாக்கி, நாலு முறை தேய்த்துப் பாருங்கள். மை மேல்பக்கம் மட்டும் அழிந்து, விளிம்பில் கறுப்புக் கோடு மிச்சம் நின்றால் முதுகு தாழ்ந்திருக்கிறது என்று அர்த்தம். முதுகைக் கொஞ்சம் தூக்குங்கள். விளிம்பில் மட்டும் அழிந்தால் அளவுக்கு மீறித் தூக்கிவிட்டீர்கள்.

கோணத்தை டிகிரியில் நினைப்பதைவிட முதுகின் உயரத்தில் நினைப்பது சுலபம். வாயிலிருந்து முதுகுவரை 45 மி.மீ. அகலமுள்ள கத்தியை 15 டிகிரியில் பிடிக்க முதுகு கல்லுக்கு மேல் 12 மி.மீ. இருக்க வேண்டும், சுண்டுவிரல் நுனி நுழையும் அளவு. பிரெஞ்சு வகை மென் எஃகுக்கு 14, 15 மி.மீ. வரை தூக்கலாம், மெலிந்த கூர் அதில் சீக்கிரம் மடங்கிவிடும். 20 மி.மீ. அகலமுள்ள சின்னக் கத்திக்கு 6 மி.மீ. போதும்.

அடுத்தது பிசிறு. ஒரே பக்கத்தைத் தேய்த்துக்கொண்டே போனால் எஃகு எதிர்ப்பக்கம் மயிரிழைபோல மடிந்து எழும். கட்டைவிரல் சதையை முதுகிலிருந்து வாய்ப்பக்கமாக, விளிம்புக்கு வெளியே போகும்படி தடவினால் நகம் மாட்டுவதுபோல லேசாகச் சொரசொரக்கும். விளிம்பின் நீளவாட்டில் விரலை ஓட்டக் கூடாது. கைப்பிடிப் பக்கம் முதல் நுனிவரை விடாமல் பிசிறு எழுந்த பிறகுதான் மறுபக்கம் திருப்ப வேண்டும். பலருக்கு நடுவில் எழுந்திருக்கும், நுனியில் எழுந்திருக்காது. நுனி வளைகிற இடத்தில் முழங்கையைச் சற்று உயர்த்தாததுதான் காரணம். எத்தனை தடவை தேய்ப்பது என்று எண்ணிக்கை கேட்காதீர்கள். பிசிறுதான் எண்ணிக்கை.

இரண்டு பக்கமும் எழுப்பியாயிற்றா? இனி அதை எடுக்க வேண்டும். இங்கேதான் கை கனத்துவிடும். சமையலறைத் தராசின் மேல் கல்லை வைத்து, முள்ளைப் பூஜ்யமாக்கிவிட்டு அழுத்திப் பாருங்கள். தேய்க்கும்போது ஒன்றரை, இரண்டு கிலோ காட்டலாம். பிசிறு எடுக்கும்போது 200, 300 கிராமைத் தாண்டக் கூடாது. அந்த லேசான கையோடு பக்கத்துக்கு ஐந்து, பிறகு மூன்று, பிறகு மாற்றி மாற்றி ஒவ்வொன்று. கடைசியில் மடித்த செய்தித்தாளில் முதுகை முன்னே விட்டு இழுத்துத் துடையுங்கள். பிசிறு ஒட்டிக்கொண்டிருந்தால் முதல் தக்காளி அறுபடும், பத்தாவதில் மடங்கிவிடும்.

கேள்வி (த்ரியோலே): தைப்பூசக் காவடிக்குக் கோயிலில் ஏழு கறி சமைப்போம். பன்னிரண்டு கத்தி தீட்ட வேண்டும், சிலவற்றில் வாய் பல் போயிருக்கிறது (விளிம்பு அங்கங்கே உடைந்திருக்கிறது). 1000 ஒன்றே போதுமா?

பதில்: பல் போனதற்குப் போதாது. ஒரு மி.மீ. ஆழப் பல்லை 1000-ல் எடுக்க உட்கார்ந்தால் காவடி கிளம்பிவிடும். அந்தக் கத்திகளை 220-லிருந்து 400-க்குள் ஒரு கரட்டுக் கல்லில் பல் மறையும்வரை தேய்த்துவிட்டு 1000-க்கு வாருங்கள். 1000-ல் கத்திக்குப் பத்து நிமிடம், ஆகப் பன்னிரண்டுக்கும் இரண்டு மணி நேரம். இந்த வேலைக்குக் கெட்டிக் கல்தான் தோது. கிங் போன்ற இளகின கல்லானால் மூன்று நான்கு கத்திக்கு ஒரு முறை மட்டம் பார்க்க வேண்டியிருக்கும்.

போன தடவை பலாக்காய் வெட்டிய கத்தி என்றால் காய்ந்த பால் ஒட்டியிருக்கும். சமையல் எண்ணெய் தடவித் துடைத்து, பிறகு சோப்புப் போட்டு எண்ணெய்ப் பிசுக்கு அறவே போகக் கழுவுங்கள். பாலும் சரி, எண்ணெயும் சரி, தண்ணீர்க் கல்லின் கண்ணை அடைத்துவிடும். 1000-க்கு மேல் போக வேண்டாம். பூசணியும் வாழைக்காயும் நறுக்க 1000 விட்டுப்போகும் சொரசொரப்பே போதும், தக்காளிக்கு அதுவே நல்லது. தீட்டிய கத்தியைக் கொடுக்கும்போது, இப்போது கூராக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லிக் கொடுங்கள். மழுங்கல் கத்திக்குப் பழகிய கை பலமாக அழுத்தும்.

கேள்வி (கூட்லாண்ட்ஸ்): கல் நடுவில் குழிந்துவிட்டது. வீட்டு ரோஷ் காரியில் (அம்மிக்கல்லில்) தேய்த்து மட்டமாக்கலாமா?

பதில்: கூடாது. ரோஷ் காரி மசாலா அரைத்து அரைத்துத் தானே நடுவில் குழிந்திருக்கும். கொத்திவிட்ட கல்லானால் மேடும் பள்ளமுமாக இருந்து உங்கள் சாணைக்கல்லில் வரிவரியாகக் கோடு போட்டுவிடும். தடித்த கண்ணாடி ஒன்றின் மேல் 220 எண் தண்ணீர்த் தேய்ப்புத் தாளை நனைத்து ஒட்டவையுங்கள். கல்லின் முகத்தில் பென்சிலால் கட்டம் போட்டுத் தேயுங்கள். கோடுகள் எல்லாம் அழியும்போது மட்டம் வந்துவிட்டது. வேலை அதிகம் என்றால் 140 எண் வைரத் தகடு ஒன்று பல வருடம் வரும். முடித்ததும் கல்லின் நாலு விளிம்பையும் லேசாகச் சாய்த்துத் தேய்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் விளிம்பு பொரிந்து உதிரும்.

கேள்வி (கத்ர் போர்ன்): கல்லே வேண்டாம், 1000 எண் தேய்ப்புத் தாளிலேயே தீட்டலாமா?

பதில்: தீட்டலாம், எண்தான் ஒன்றல்ல. பி என்ற எழுத்தோடு வரும் ஐரோப்பியத் தாளில் 1000 என்றால் துகள் 18 மைக்ரானை ஒட்டியது. ஜப்பானியக் கல்லில் தயாரிப்பாளரைப் பொறுத்து 11 முதல் 15 வரை. ஆகவே தாள் சற்றுக் கரடு. முதுகை முன்னே விட்டு இழுக்க மட்டும் செய்யுங்கள். வாயை முன்னே தள்ளினால் தாள் கிழியும்.

கேள்வி (கியூர்பிப்): எங்கள் ஊர் ஈரத்தில் கல் காயவே மாட்டேன் என்கிறது, பூஞ்சை பிடிக்கிறது. வெயிலிலோ அடுப்பிலோ வைக்கலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். வெளிப்புறம் சீக்கிரம் காய்ந்து உள்ளே ஈரம் நின்றால் கல் வெடிக்கும். சேற்றைக் கழுவித் துணியால் ஒற்றிவிட்டு, இரண்டு குச்சிகளின் மேல் பக்கவாட்டில் நிறுத்தி, காற்றோட்டமுள்ள நிழலில் விடுங்கள். கிங் போன்ற ஊறும் கல்லுக்கு உங்கள் ஊரில் இரண்டு மூன்று நாள் ஆகும். முழுதும் காயும்முன் பெட்டிக்குள் போட்டால்தான் பூஞ்சை. வந்துவிட்டால் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, முகத்தை ஒரு முறை மட்டமாக்கினால் போய்விடும்.