ஜாவாவில் 127 சமம், 128 சமமில்லை: ஏன்?

கேள்வி: பி.எஸ்சி. கணினி அறிவியல் இறுதியாண்டு படிக்கிறேன். வளாக நேர்காணல் ஒன்றில், "இரண்டு இன்டீஜர் வேரியபிள்களில் 127 வைத்து == போட்டு ஒப்பிட்டால் ட்ரூ வருகிறது, 128 வைத்தால் ஃபால்ஸ் வருகிறது, ஏன்?" என்று கேட்டார்கள். பதில் தெரியவில்லை. ஜாவா பழசாகிவிட்டது, பைத்தான் போதும் என்கிறார்கள் நண்பர்கள். ஜாவாவைத் தொடரலாமா? தொடர்ந்தால் எதை ஆழமாகப் படிக்க வேண்டும்?

பதில்: அந்த நேர்காணல் கேள்வியிலிருந்தே தொடங்குவோம். அது வெறும் புதிர் இல்லை. ஜாவாவின் அடிப்படை புரிந்திருக்கிறதா என்று பார்க்க அதைவிட நல்ல கேள்வி கிடைப்பது கடினம்.

சிறிய எழுத்தில் எழுதும் இன்ட் வகை வேரியபிளுக்குள் எண்ணே இருக்கும். பெரிய எழுத்தில் தொடங்கும் இன்டீஜர் அப்படியல்ல, அது ஓர் ஆப்ஜெக்ட். வேரியபிளுக்குள் இருப்பது அந்த ஆப்ஜெக்டைச் சுட்டும் ரெஃபரன்ஸ் மட்டும்தான். இரண்டு ரெஃபரன்ஸ்களுக்கு நடுவே == போட்டால், "இரண்டும் ஒரே ஆப்ஜெக்டையா சுட்டுகின்றன?" என்றுதான் ஜாவா பார்க்கும். உள்ளே இருக்கும் மதிப்பைப் பார்க்காது.

இன்டீஜர் வேரியபிளில் 127 என்று எழுதும்போது, கம்பைலர் பின்னால் 'வேல்யூஆஃப்' என்ற மெத்தடை அழைக்கிறது. அடிக்கடி பயன்படும் எண்கள் என்பதால் -128 முதல் 127 வரையிலான 256 ஆப்ஜெக்ட்களை அது தயாராக வைத்திருக்கிறது. நீங்கள் இரண்டு முறை 127 கேட்டால், இரண்டு முறையும் அதே ஆப்ஜெக்ட்தான் கிடைக்கும், ஒப்பீடு ட்ரூ. 128 கேட்டால், வழக்கமான அமைப்பில், ஒவ்வொரு முறையும் புது ஆப்ஜெக்ட் உருவாகும், ஒப்பீடு ஃபால்ஸ். மதிப்பை ஒப்பிட 'ஈக்வல்ஸ்' மெத்தடைப் பயன்படுத்த வேண்டும். ஜேடிகே என்ற ஜாவா கருவித்தொகுப்போடு வரும் 'ஜாவாபி' கருவியில் உங்கள் கிளாஸ் கோப்பைப் பிரித்துப் பாருங்கள், அந்த 'வேல்யூஆஃப்' அழைப்பு கம்பைலர் உருவாக்கிய பைட்கோடில் அப்படியே தெரியும்.

இதன் ஆபத்தையும் சொல்ல வேண்டும். வாடிக்கையாளர் எண்ணை இன்டீஜராக வைத்து == போட்டு ஒப்பிடும் நிரலை நினைத்துப் பாருங்கள். சோதனையில் 1, 2, 15 என்று சின்ன எண்களைத்தான் போடுவோம். எல்லாம் சரியாக ஓடும். உண்மையான பயன்பாட்டில் 128-ஆவது வாடிக்கையாளர் வந்ததும் உடையும். கம்பைலரும் நிறுத்தாது, எக்செப்ஷனும் வராது. தவறான விடை மட்டும் வரும்.

அடுத்த படி ஹாஷ்மேப், அதாவது ஒரு கீயைக் கொடுத்தால் அதற்குரிய மதிப்பைத் தேடித் தரும் அமைப்பு. மாணவர் என்ற கிளாஸில் பதிவெண் இருக்கிறது. அந்த ஆப்ஜெக்டையே கீயாக வைத்து மதிப்பெண்ணைச் சேமிக்கிறீர்கள். பிறகு அதே பதிவெண்ணோடு புது ஆப்ஜெக்ட் உருவாக்கித் தேடினால் 'நல்' (null), அதாவது ஒன்றுமில்லை என்று வருகிறது. 'ஈக்வல்ஸ்' எழுதியும் நல்தான். காரணம், ஹாஷ்மேப் முதலில் 'ஹாஷ்கோட்' தரும் எண்ணை வைத்து எந்தக் கட்டத்தில் தேடுவது என்று முடிவுசெய்கிறது. 'ஈக்வல்ஸ்' அதற்குப் பிறகுதான். 'ஹாஷ்கோட்' எழுதாமல் விட்டால், ஒரே மதிப்புள்ள இரண்டு ஆப்ஜெக்ட்களும் பொதுவாக வெவ்வேறு எண்களைத் தரும், தேடல் தப்பான இடத்துக்குப் போய்விடும். ஆகவே ஒன்றை எழுதினால் மற்றொன்றையும் எழுதியே ஆக வேண்டும். உள்ளே வைத்த பிறகு பதிவெண்ணை மாற்றினாலும் இதே கதி: மேப்பின் எண்ணிக்கையில் அது இருக்கும், தேடினால் கிடைக்காது. கீயாக மாறாத ஆப்ஜெக்ட்களை வையுங்கள் என்று சொல்வது இதனால்தான். ஸ்ட்ரிங் நல்ல கீயாக இருப்பதும் அது மாறாதது என்பதால்தான். 2021-இல் ஜாவா 16-இல் நிலைபெற்ற 'ரெக்கார்ட்', இந்த இரண்டு மெத்தட்களையும் தானே எழுதிக்கொடுக்கிறது. ஆனாலும் ஒருமுறையாவது கையால் எழுதிப் பழகுங்கள்.

இப்போது, பழசா என்ற கேள்வி. வயது உண்மைதான்: சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1995-இல் வெளியிட்டது, 2010-இல் ஆரக்கிள் கைக்கு வந்தது. ஆனால் நண்பர்கள் சொல்வது பாதிதான் சரி. மெஷின் லேர்னிங், தரவு ஆய்வுதான் உங்கள் குறி என்றால் பைத்தானில் தொடங்குங்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆண்ட்ராய்டு செயலி என்றால், 2019-இலிருந்து கூகுளே கோட்லின் என்ற மொழிக்குத்தான் முன்னுரிமை தருகிறது. வங்கி, காப்பீடு, பெரிய வணிகத் தளங்களின் பின்தளப் பணி என்றால் ஜாவாவை விடாதீர்கள். பெருமளவு தரவைக் கையாளும் காஃப்கா, கசாண்ட்ரா, எலாஸ்டிக்சர்ச் எல்லாம், ஜாவா நிரல்களை ஓட்டும் ஜேவிஎம் மேல்தான் ஓடுகின்றன. ஸ்பார்க்கும் அப்படியே. பைத்தானில் ஸ்பார்க் எழுதும் நண்பருக்கு ஒருநாள் பிழை வரும்போது, திரையில் ஜாவாவின் நீண்ட பிழைத்தடம் விரியும். அதைப் படிக்கத் தெரிந்தவருக்கு அந்த அறையில் மதிப்பு உண்டு.

மொழியும் நின்றுவிடவில்லை. ஒரு நிரல் ஒரே நேரத்தில் பல வேலைகளைச் செய்ய உதவும் த்ரெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய த்ரெட் ஒவ்வொன்றும் இயங்குதளத்தின் ஒரு த்ரெட்டைப் பிடித்துக்கொள்ளும். டேட்டாபேஸ் பதிலுக்காகச் சும்மா காத்திருந்தாலும் விடாது. ஆயிரக்கணக்கில் பெருகினால் நினைவகம் திணறும். 2023-இல் ஜாவா 21-இல் நிலைபெற்ற விர்ச்சுவல் த்ரெட், காத்திருக்கும் நேரத்தில் அடியில் இருக்கும் த்ரெட்டை வேறு வேலைக்கு விட்டுக்கொடுக்கிறது. வழக்கமான, நேர்கோட்டில் படிக்கக்கூடிய நிரலையே எழுதி இந்தப் பயனைப் பெறலாம் என்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

படிக்கும் வரிசை: ரெஃபரன்ஸ், ஸ்ட்ரிங், 'ஈக்வல்ஸ்' - 'ஹாஷ்கோட்', கலெக்‌ஷன்ஸ், எக்செப்ஷன், ஜெனரிக்ஸ், 2014-இல் ஜாவா 8 கொண்டுவந்த லாம்டா - ஸ்ட்ரீம், பிறகு த்ரெட். பாடத்திட்டத்தில் ஆப்லெட் (உலாவிக்குள் ஓடிய பழைய வகை ஜாவா நிரல்) இருந்தால் தேர்வுக்குப் படித்துவிட்டு விட்டுவிடுங்கள். இவை கைவராமல் ஸ்பிரிங் பூட் என்ற பின்தளக் கட்டமைப்பின் பக்கம் போகாதீர்கள். அனோட்டேஷன் ஒட்டினால் செயலி ஓடும். ஏன் ஓடவில்லை என்று கேட்டால் திகைத்து நிற்பீர்கள்.

கணினியில் ஜாவா 21 அல்லது 2025-இல் வந்த 25-ஐ நிறுவுங்கள். இரண்டும் நீண்டகால ஆதரவுள்ளவை. பல நிறுவனங்களில் 8, 11, 17 இன்னும் ஓடுகின்றன என்பதால், எந்த வசதி எந்தப் பதிப்பில் வந்தது என்றும் தெரிந்து வைத்திருங்கள். ஜேடிகேயோடு வரும் ஜேஷெல்லில் வரி வரியாகத் தட்டிப் பார்க்கலாம், கோப்புகூடத் தேவையில்லை. முதலில் ஒரு பக்கம் இன்டீஜர் 128, மறுபக்கம் இன்ட் 128 வைத்து == போட்டுப் பாருங்கள். ட்ரூ வரும். ஏன் என்று ஒரு தாளில் எழுதிவிட்டு அடுத்த தலைப்புக்குப் போங்கள்.