டெலூரியம் நஞ்சு என்கிறார்களே, அதன் சேர்மங்கள் எப்படி ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும்?

தானே மிக எளிதில் ஆக்சிஜனேற்றம் அடைவதால்தான். இந்தச் சேர்மங்களோடு சில ஆண்டுகள் ஆய்வகத்தில் மல்லுக்கட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன்.

கரிம டெலூரைடு (டெலூரியம் அணு கார்பனோடு பிணைந்த சேர்மம்) ஒன்று ஹைட்ரஜன் பெராக்சைடைச் சந்தித்தால் அதிலிருந்து ஓர் ஆக்சிஜன் அணுவைப் பிடுங்கிக்கொண்டு டெலூராக்சைடாகிறது. பெராக்சைடு வெறும் நீராகிவிடுகிறது. கந்தகச் சேர்மங்கள் இதில் மந்தம், செலினியம் பரவாயில்லை, டெலூரியத்துக்குப் பொறுமையே கிடையாது. ஆனால் அங்கேயே நின்றுவிட்டால் ஒரு மூலக்கூறு ஒரு முறைதான் பயன்படும். பக்கத்தில் தயோல் (கந்தகம்-ஹைட்ரஜன் தொகுதி கொண்ட சேர்மம்) இருந்தால் அது டெலூராக்சைடின் ஆக்சிஜனை நீக்கி, அதாவது ஒடுக்கி, பழையபடி டெலூரைடாக்கும்; தயோல்கள் இரண்டிரண்டாகக் கந்தகம் வழி இணைந்து டைசல்பைடாக மாறும். சக்கரம் மறுபடி சுழலும். நம் உடலில் குளூட்டாதயோன் பெராக்சிடேஸ் என்ற நொதி செலினியத்தை வைத்துச் செய்யும் வேலைக்கு இது நெருங்கிய உறவு.

இதைக் கண்ணால் பார்க்கலாம். மெத்தனாலில் பென்சீன்தயோலையும் பெராக்சைடையும் கலந்து 305 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலை அளந்தால், கோடு ஏறக்குறைய படுத்தே கிடக்கும். துளி டையரைல் டெலூரைடு (டெலூரியத்தின் இருபுறமும் பென்சீன் வகை வளையம் கொண்டது) விட்டதும் டைசல்பைடு உருவாகி, கோடு எழுந்து நடக்கத் தொடங்கும். பென்சீன் வளையத்தில் டெலூரியத்துக்கு எதிரே அமினோ போன்ற எலக்ட்ரான் வழங்கும் தொகுதி இருந்தால் நடை ஓட்டமாகும்.

எனக்கு இன்னும் பிடித்தது வேறொன்று. வைட்டமின் இ மூலக்கூறு ஒன்று கொழுப்பைக் கெடுக்கும் பெராக்சில் தனி உறுப்புகள் (இணையில்லா எலக்ட்ரான் கொண்ட துடிப்பான துகள்கள்) இரண்டை அடக்கிவிட்டு ஓய்ந்துபோகும். சுவீடனின் உப்சாலாவில் வேதியியலாளர் லார்ஸ் எங்மன் குழுவினர் ஃபீனாலில் (வைட்டமின் இ-யும் ஒருவகை ஃபீனால்தான்) ஹைட்ராக்சில் தொகுதிக்கு அடுத்த இடத்திலேயே டெலூரியத்தைப் பொருத்தினார்கள். சோதித்தது இப்படி: குளோரோபென்சீன் என்ற கரைப்பான் அடுக்கில் எளிதில் ஆக்சிஜனேற்றமடையும் கொழுப்பான லினோலெயிக் அமிலம், அதை ஒட்டிய நீரடுக்கில் என்-அசிட்டைல்சிஸ்டீன் என்ற தயோல். நீரடுக்கில் தயோல் இருக்கும்வரை ஃபீனால் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். டெலூரியம் முதலில் பெராக்சில் தனி உறுப்பிலிருந்து ஆக்சிஜனைப் பறிக்க, மிஞ்சிய ஆல்காக்சில் தனி உறுப்பு விலகிப் போவதற்குள் பக்கத்து ஃபீனால் அதற்கு ஹைட்ரஜனைக் கொடுத்துவிடுகிறது என்பது அவர்கள் தரும் விளக்கம்.

மாத்திரையாகுமா என்றால், நான் விழுங்க மாட்டேன். தயோலோடு இவ்வளவு ஒட்டுறவு உள்ள பொருள், உடலுக்குத் தேவையான தயோல் நொதிகளையும் விட்டுவைக்காது. தயோரெடாக்சின் ரிடக்டேஸ் என்ற அப்படியொரு நொதியை இத்தகைய சேர்மங்கள் முடக்குவது தெரிந்ததே. டெலூரியம் கலந்த உணவு தின்ற எலிக்குட்டிகளில் கொலஸ்ட்ரால் தயாரிப்புக்கு வேண்டிய ஸ்குவாலீன் எபாக்சிடேஸ் என்ற நொதி தடைபட்டு, நரம்பைச் சுற்றிய மயலின் உறையே சிதைந்திருக்கிறது. போதாக்குறைக்கு, உடலுக்குள் போன டெலூரியம் டைமெத்தில் டெலூரைடாகி மூச்சில் பூண்டு நாற்றமாக வெளியேறும். கையுறையைக் கழற்றும்போது கொஞ்சம் அசட்டையாக இருந்த ஒரு வாரம் முழுக்க என்னோடு யாரும் நெருங்கி நின்று பேசவில்லை.