இலக்கு எங்கே வரும் என்று முன்பே தெரிந்தால் கண் துல்லியமாகப் பாயுமா?

சீக்கிரம் பாயும், துல்லியத்துக்கு உத்தரவாதம் இல்லை. (பார்வை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குச் சட்டெனத் தாவுவதே பாய்ச்சல்.) திடீரென ஒரு புள்ளி தோன்றினால் கண் கிளம்ப ஏறக்குறைய 200 மில்லிசெகண்ட் ஆகும். அதே புள்ளி இடம், வலம் என்று தாளம் தவறாமல் மாறினால், சில சுற்றுகளிலேயே கண் முந்திக்கொள்ளும், சிலசமயம் புள்ளி வருவதற்கு முன்பே. அப்போது வழிகாட்டுவது பார்வை அல்ல, நினைவு. அதனால் வேகம் குறையும், பாய்ச்சல் இலக்கை எட்டாமல் நின்றுவிடும். (சாதாரணப் பாய்ச்சலே 10 டிகிரிக்குச் சுமார் 1 டிகிரி குறைவாகத்தான் விழும்.) மிச்சத்தை ஒரு குட்டித் திருத்தப் பாய்ச்சல் சரிசெய்யும்.

சோதனை செய்பவர்கள் சறுக்குவது இங்கேதான்: புள்ளி தோன்றும்வரையான காத்திருப்பு நேரத்தை மாற்றாமல் வைத்துவிட்டு, பிழை ஏன் கூடுகிறது என்று கருவியைக் குடைவார்கள். அந்த இடைவெளியை 500 முதல் 1500 மில்லிசெகண்டுக்குள் மாற்றிக்கொண்டே இருங்கள். புள்ளி தோன்றி 80 மில்லிசெகண்டுக்குள் கிளம்பிய பாய்ச்சல்களைத் தனியே பிரித்துவிடுங்கள், அவை வெறும் ஊகம்.