ஸ்டேட்டஸ் வந்தாச்சு, யுனிவர்சல் கிரெடிட் போடலாமோ?

தம்பி, லண்டனில ரெபியூஜி ஸ்டேட்டஸ் (அகதி அந்தஸ்து) வந்திட்டுது, யுனிவர்சல் கிரெடிட், அதுதான் வருமானம் குறைஞ்சவைக்கு அரசாங்கம் மாசாமாசம் தாற உதவிக்காசு, போடலாமோ, வேலைக்குப் போனா எல்லாத்தையும் வெட்டிப்போடுவாங்களோ எண்டு கேட்டிருந்தீங்கள். போடலாம், உடன போடுங்கோ. கேஸ் நடக்கேக்க ஹோம் ஓபிஸ் (உள்துறை) தந்த இடமும் கிழமைக் காசும் ஸ்டேட்டஸ் வந்து கொஞ்சக் காலத்தில நிண்டிடும், யுனிவர்சல் கிரெடிட்டில எண்டா முதல் காசு கைக்கு வர அஞ்சு கிழமை செல்லும், அதுவரைக்கும் அட்வான்ஸ் கேக்கலாம், ஆனா அது சும்மா தாற காசில்லை, கடன், பிறகு மாசாமாசம் கழிப்பாங்கள், அதால சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் தேவையானதை மட்டும் எடுங்கோ. இங்கிலீஷ் கஷ்டமெண்டா இதைப் பாக்கிற அரசாங்க ஓபிஸான ஜொப் சென்ரரில தமிழ் இன்ரர்பிரிட்டர் கேளுங்கோ, வெக்கப்பட ஒண்டுமில்லை.

வேலைக்குப் போனா, கைக்கு வாற சம்பளத்தில ஒரு பவுணுக்கு யுனிவர்சல் கிரெடிட்டில 55 பென்ஸ் கழியும், உங்களுக்கு 45 பென்ஸ் மிச்சம். பிள்ளையள் இருந்தா முதல் ஒரு தொகைக்கு வெட்டே இல்லை. வீட்டில இருந்தாத்தான் லாபம் எண்டு கதைக்கிறவையின்ர கதைய விடுங்கோ, கையில காசு தாறன், கணக்கில காட்டவேண்டாம் எண்டு சொல்ற முதலாளிமாரிட்டயும் போகாதேங்கோ, பிடிபட்டா மாட்டுறது நீங்கள்தான்.

எங்கட சனம் கூடச் சறுக்கிறது சேமிப்புக் கணக்கில. 6,000 பவுண் வரைக்கும் பிரச்சினை இல்லை, அதுக்கு மேல ஒவ்வொரு 250 பவுணுக்கும் மாசம் 4.35 பவுண் வெட்டு, 16,000 தாண்டினா ஒண்டும் கிடையாது, புருசன் பெண்சாதி ரெண்டுபேரின்ரயும் சேத்துத்தான் இந்தக் கணக்கு. சீட்டு எடுத்து அந்தக் காசு பேங்கில கிடந்தா அதுவும் சேமிப்புத்தான். ஊரில உங்கட பேரில வீடு காணி இருந்தாலும் சொல்லவேணும், வெளிநாட்டில கிடக்குது தானே ஆருக்குத் தெரியும் எண்டு மறைக்கிறது கனபேர். வயசுபோன அம்மா அப்பா குடியிருக்கிற வீட்டைப் பொதுவா கணக்கில எடுக்கமாட்டாங்கள், வெறுங்காணிக்கு அந்தச் சலுகை இல்லை.

கவுன்சில் ராக்ஸ், அதுதான் வீட்டுக்காக உள்ளூர்க் கவுன்சிலுக்குக் கட்டுற வரி, குறைக்கிறது இதோட வராது, கவுன்சிலிட்டத் தனியாப் போடவேணும், இதைக் கனபேர் விட்டுட்டு பிறகு பில் வந்து முழிக்கிறவை.

வேலை விசாவில வந்த கூட்டாளியும் போடலாமோ எண்டு கேட்டீங்கள். அவற்ற விசாவில பப்ளிக் பண்ட்ஸ் (இப்பிடியான அரச உதவிக்காசு) எடுக்கேலாது எண்டு போட்டிருக்கும், போட்டா விசாவுக்கே சிக்கல், அவர் இதில கை வைக்கவே வேண்டாம்.