முதலில் கொஞ்சம் இறுக்குங்கள், அப்புறம் கழற்றுங்கள்

கிணற்று மோட்டாரின் ஃபிளாஞ்ச் (குழாயை இணைக்கும் தட்டு) போல்ட் நாலில் இரண்டு அசையவே இல்லை. மண்ணெண்ணெய் ஊற்றியும் பயனில்லை.
– வாசகர், மேலூர்

ஊற்றி எவ்வளவு நேரம் விட்டீர்கள் என்று எழுதவில்லையே! ஊற்றிய கையோடு ஸ்பேனர் போட்டால் எண்ணெய் மரைக்குள் எப்படி இறங்கும்? துரு, இரும்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் இடத்தை அடைக்கும். நட்டு பிடித்துக்கொள்வது அதனால்தான். மோட்டாரின் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, வெளியே தெரியும் மரையைக் கம்பி பிரஷால் தேயுங்கள். துருவை இளக்கும் ஸ்ப்ரே அடித்து, நட்டின் பக்கவாட்டில் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டி, ராத்திரி முழுக்க விடுங்கள். காலையில் ஆறு மூலை சாக்கெட் போட்டு, முதலில் இறுக்கும் பக்கம் இம்மியளவு அசையுங்கள். துரு உடைந்ததும் கழற்றுங்கள். கிரீச்சென்று சத்தம் வந்தால் பலத்தைக் கூட்டாதீர்கள். கொஞ்சம் திரும்ப இறுக்கி, மறுபடி ஸ்ப்ரே அடியுங்கள்.

சைக்கிளின் இடது பெடல் கழலவில்லை.
– வாசகர், சோழவந்தான்

அது எதிர்மரை. கடிகார முள் போகும் பக்கம் திருப்புங்கள்.

பைக் கவர் ஸ்க்ரூவின் தலை மழுங்கிவிட்டது.
– வாசகர், செல்லூர்

தலையில் சின்னப் புள்ளி இருந்தால் அது ஜப்பான் அளவு ஸ்க்ரூ. சாதாரண ஸ்டார் டிரைவர் அதில் முழுதாக உட்காராது, வழுக்கும். சுத்தியலால் அடித்தால் திரும்பும் இம்பாக்ட் டிரைவர் வாங்குங்கள். கட்டிங் பிளேயரால் கடித்துத் திருப்பாதீர்கள்.

பஞ்சர் கடையில் மாட்டிய கார் வீல் நட்டு, வீட்டில் கழலவில்லை. துருவா?
– வாசகர், திருமங்கலம்

துரு இல்லை, கடையில் நட்டு முடுக்கும் காற்றுத் துப்பாக்கி. இதைப் பற்றி எத்தனை முறை எழுதினாலும் எனக்கு ஆறாது. சின்னக் கார் வீல் நட்டுக்குச் சுமார் 100 நியூட்டன் மீட்டர் இறுக்கம் போதும். அதாவது ஒரு அடி ஸ்பேனரின் முனையில் சுமார் 35 கிலோ அழுத்தம். துப்பாக்கியை விடாமல் ஓட்டினால் 400-ஐத் தாண்டும். அதைக் கழற்ற அதே ஸ்பேனரில் 130 கிலோவுக்கு மேல் அழுத்த வேண்டும். ராத்திரி நத்தம் சாலையில் குடும்பத்தோடு நிற்பவர் என்ன செய்வார்? நட்டு ஏறும் ஸ்டட் நீண்டு போகிறது, மரை அறுகிறது, கடைக்காரர் அடுத்த வண்டிக்குப் போய்விடுகிறார். துப்பாக்கியால் லேசாக ஓட்டி, கடைசி இறுக்கத்தைக் கையால் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். கூச்சப்படாதீர்கள், வண்டி உங்களுடையது.

இப்போதைக்கு இரண்டு அடி கைப்பிடி கொண்ட ஸ்பேனர் போட்டு, சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டை இளக்குங்கள். ஜாக்கி அப்புறம்தான். வீல் நட்டு மரையில் மட்டும் கிரீஸ் வேண்டாம். அளவுக்கு மேல் இறுகிவிடும்.

கேட்டில் போட்ட ஸ்டெயின்லெஸ் போல்ட், பாதியில் நட்டோடு சிக்கிக்கொண்டது.
– வாசகர், உசிலம்பட்டி

இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டன. எண்ணெய் பெரும்பாலும் உதவாது. அறுத்து எடுங்கள். அடுத்த முறை மரையில் சிக்காமல் தடுக்கும் ஆன்டி-சீஸ் பேஸ்ட் தடவி, மெதுவாகக் கையால் முடுக்குங்கள்.

போல்ட்டைச் சூடாக்கலாமா?
– வாசகர், வில்லாபுரம்

எந்த போல்ட், எங்கே இருக்கிறது, எதுவும் சொல்லாமல் கேட்டால் எப்படி? பொதுவாகச் சொல்கிறேன்: நட்டைத்தான் சூடாக்க வேண்டும், போல்ட்டை அல்ல. நட்டு விரிந்தால்தான் பிடி தளரும். ஸ்ப்ரே அடித்த இடமென்றால் துடைத்துக் காயவிடுங்கள், தீப்பிடிக்கும். பெட்ரோல் டேங்க் பக்கம் கூடவே கூடாது. ஜிஐ (துத்தநாகம் பூசிய) போல்ட் என்றால் துத்தநாகப் புகை வரும், மூச்சில் போனால் காய்ச்சல் கண்டுவிடும். இதெல்லாம் இல்லையென்றால் சூடாக்கலாம். இளகியதும் முதலில் கொஞ்சம் இறுக்கிவிட்டுக் கழற்றுங்கள்.